மூன்றாம் நாள் கட்டம்

“...பாஸா ஃபெயிலா, அத மட்டும் மொதல்ல சொல்லிருங்கக்கா. மத்த கதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் அட்டையை என் மடியில் வைத்தாள்.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். தக்காளி மண்டியில் பழம் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. அவளுடைய ஒன்றரை வயது மகள் எங்கள் ஆய்வில் இருந்த குழந்தைகளில் ஒருத்தி. வழக்கமாகத் தனித்தனி நாட்களில் போடும் இரண்டு தடுப்பூசிகளை ஒரே நாளில், இந்தத் தொடையில் ஒன்று அந்தத் தொடையில் ஒன்று என்று போட்டால், குழந்தைகளுக்குத் தொந்தரவு கூடுகிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு. ஊசி போடுவது நர்ஸ். குழந்தையைப் பரிசோதிப்பது டாக்டர். எட்டாம் நாள் வீட்டுக்குப் போய் அம்மாக்கள் நிரப்பிய அட்டையை வாங்கி வருவது நான். பத்தாவதோடு படிப்பை விட்டு, அரூரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள் நான். ‘வாயாடியா இருக்கறா, இவ போனா கதவு தொறப்பாங்க’ என்று யாரோ சொல்லித்தான் இந்த வேலை கிடைத்தது. மற்றதெல்லாம் நர்ஸிடம் கேட்டுக் கேட்டு நானாகப் படித்துக்கொண்டது.

அவள் கொடுத்த அட்டையில் ஏழு நாளுக்கு ஏழு வரிசைக் கட்டங்கள். காய்ச்சல், வீக்கம், சிவப்பு, சிணுங்கல், சாப்பிட மறுத்தல். எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’. எழுத்து முத்து முத்தாக இருந்தது. முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியது போலிருந்தது. ஒன்றரை வயதுக் குழந்தை ஏழு நாளில் ஒரு தடவைகூடச் சிணுங்கவில்லையாம். ஊசியே போடாத குழந்தைக்குக்கூட அப்படி ஒரு வாரம் அமையாது.

“என்னம்மா பாஸு ஃபெயிலு?” என்றேன்.

“டெஸ்ட்டுன்னுதானக்கா சொன்னீங்க?”

சொன்னது உண்மைதான். படிவத்தில் ‘ஆய்வு’ என்று இருக்கும். அது யாருக்கும் புரியாமல், நானே எல்லா வீட்டிலும் “ஒரு டெஸ்ட் பண்றாங்கம்மா” என்று சொல்லி வந்தேன். நல்ல எளிய சொல்லைப் பிடித்துவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை வேறு.

டாக்டரோடு சம்மதம் வாங்கப் போன அன்று இவள் கேட்ட கேள்வி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “ரெண்டையும் ஒரே நாள்ல குத்திட்டா, புள்ளைக்கு ஒன்னு ஆச்சின்னா எந்த மருந்து பண்ணிச்சின்னு எப்புடிக்கா தெரியும்? ரெண்டு தோட்டத்துப் பழத்த ஒரே பெட்டியில கொட்டுன மாதிரி ஆயிராதா?” நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொன்னார். சில குழந்தைகளுக்கு இரண்டும் ஒன்றாக, சில குழந்தைகளுக்கு ஒரு மாத இடைவெளி விட்டு. யாருக்கு எது என்பதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, ஒட்டிய உறைக்குள் வருகிற சீட்டுதான் சொல்லும். பிறகு இரண்டு பக்கத்து அட்டைகளையும் அடுக்கி வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். “அப்ப சரி” என்று கையெழுத்துப் போட்டாள். உறையைப் பிரித்தால் இரண்டும் ஒன்றாக என்று வந்தது.

அன்றைக்கு வாசலில் அவளுடைய நாத்தனாரும் இருந்தார். கணவனின் அக்கா, இவளுக்கு ‘அண்ணி’; ஒரே வளவில் பக்கத்து வீடு. “ரெண்டு ஊசி தாங்குமா இது? ஒன்னுக்கே ஒரு வாரம் படுத்துக்கும். கோழிக்குஞ்சாட்டம் இருந்துக்கிட்டு” என்றார். குழந்தை எடை குறைவாகப் பிறந்ததாம். நடக்கப் பழகியதும் தாமதமாம். பிறந்த நாளிலிருந்து அந்த வளவில் ‘கோழிக்குஞ்சு’ என்பதுதான் அதற்குப் பெயர். இவள் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

இப்போது அந்த ‘இல்லை’களைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது. அவள் என்னிடம் கேட்டது ஊசியின் முடிவை அல்ல. கோழிக்குஞ்சு தேறிவிட்டதா என்று கேட்டாள்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. நோட்டின் பின்பக்கத்தில் அம்மாக்கள் சொல்லும் வார்த்தைகளைக் குறித்து வைப்பேன். யாரும் கேட்டு அல்ல, எனக்கே ஓர் ஆசை. ‘மேலு கதகதன்னுது.’ ‘பிஞ்சு வெதும்பிக் கெடக்குது.’ ‘சொணங்கிக்கிட்டு மடிய வுட்டு எறங்கல.’ அந்த நோட்டு ஞாபகத்தில், காய்ச்சல் வந்ததா என்று கேட்காமல், “மேலு எப்படி இருந்துச்சி?” என்று கேட்டேன்.

“மேலா? மூணாம் நாளு சுட்டுச்சிங்க. மண்டியிலருந்து வந்து வயித்துல பொறங்கைய வச்சிப் பார்த்தேன், அடுப்புக் கல்லாட்டம். நர்ஸம்மா குடுத்த சிரப்பக் குடுத்தேன், துணி நனைச்சிப் போட்டேன். மறுநா காலையில எந்திரிச்சி வெளாடுது.”

“அப்ப காய்ச்சல்தானம்மா?”

“காய்ச்சலுன்னா படுத்துக்கணும், கண்ணு செவக்கணும். இது வெறும் மேலு சூடு.”

குழந்தை அதற்குள் வீக்கம் அளக்க நாங்கள் கொடுத்த பிளாஸ்டிக் ஸ்கேலைக் கடித்தபடி என் செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்கேலோடு நாங்கள் கொடுத்திருந்த தெர்மாமீட்டரை நான் அலமாரியிலிருந்து எடுத்துப் பித்தானை அழுத்தினேன். கடைசியாக அளந்ததை ஒரு நொடி காட்டிவிட்டுத்தான் அது மறுபடி தொடங்கும். நூற்றியொன்று புள்ளி நான்கு. மூன்றாம் நாளுக்குப் பிறகு அவள் அதைத் தொடவே இல்லை.

அவள் முகம் சுருங்கிவிட்டது. “அது வேற காட்டிக் குடுக்குமா?” என்றாள்.

டாக்டருக்குப் போன் போட்டேன். குழந்தை இப்போது எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறதா, வலிப்பு ஏதும் வந்ததா என்றெல்லாம் அவளிடமே கேட்டார். பிற்பகல் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் குரல் தாழ்ந்தது. “எழுதுனா புள்ளய டெஸ்ட்டுலருந்து எடுத்துருவாங்களா? அண்ணி ரெண்டு நாளாக் கேட்டுக்கிட்டே இருக்கறாங்க. ஒன்னும் ஆவுலன்னு சொல்லிட்டேன்.”

வாசலில் அண்ணி அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது கூர்மை.

நான்தான் பிசகு செய்தவள். அதனால் நான்தான் திருத்த வேண்டும். “டெஸ்ட்டு புள்ளைக்கு இல்லம்மா, ஊசிக்கு” என்றேன். “நான் சொன்னதுதான் தப்பு. ரெண்டும் சேர்ந்து போட்டா எத்தன புள்ளைங்களுக்கு மேலு சுடுதுன்னு தெரியணும். உன் அட்டையில இல்லைன்னு இருந்தா, உன் பொண்ணு அந்தக் கணக்குலயே வரமாட்டா.”

அவள் அட்டையை என்னிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டாள். பிறகு, “அடியில சொத்தய வச்சி மேல நல்லதா அடுக்கறது” என்றாள். “மண்டியில அந்த மாதிரி பெட்டி வந்தா நானே அவுங்கள நாக்கப் புடுங்கற மாதிரி கேப்பேன்.”

“நீ வேணும்னா பண்ணுன?”

“வேணும்னுதாங்க பண்ணுனேன்” என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. காய்ச்சலுக்கும் மேலு சூட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் அவள் தெரிந்தேதான் ஒளிந்திருக்கிறாள்.

வாசலிலிருந்து குரல் வந்தது. “என்னா புள்ள, உன் பொண்ணு பாஸா?”

அவள் என் பேனாவை வாங்கினாள். மூன்றாம் நாள் கட்டத்தில் இருந்த ‘இல்லை’யை, நான் சொன்னபடி, பழைய எழுத்து தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் ‘ஆம்’ என்று எழுதி எண்ணையும் எழுதினாள். கீழே தன் முதலெழுத்தும் அன்றைய தேதியும். சிணுங்கலில் இன்னும் இரண்டு நாள் திருத்தினாள். வீக்கத்தில், “வலது தொடையில ஒரு புளியங்கொட்ட அளவு” என்று முணுமுணுத்துக்கொண்டே ஒன்று.

“மூணாம் நாளு நூத்தியொன்னு சுட்டுச்சி அண்ணி” என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. “மார்க்கு ஊசிக்குத்தானாம். அந்த மார்க்கப் போடுறவ எம்பொண்ணு.”

அவரைக்காய் நார் உரிபடும் சத்தம் நின்றது. “நூத்தியொன்னா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ” என்றபடி அண்ணி முறத்தை வைத்துவிட்டு உள்ளே வந்து குழந்தையின் நெற்றியில் கை வைத்தார்.

“கையெல்லாம் வேணாம் அண்ணி, இருங்க” என்றாள் அவள். என் செருப்போடு தள்ளாடிக்கொண்டிருந்த மகளைத் தூக்கி மடியில் வைத்து, ஐந்து நாளாகத் தொடாத தெர்மாமீட்டரை எடுத்து, பித்தானை அழுத்தி, அந்தச் சின்ன அக்குளில் செருகி, அது கூவும்வரை குழந்தையின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.