ஜம்பர் போட்ட ஓட்டக்காரி

குளிர்காலம் தொடங்கிய வாரத்தில்தான் எனக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. லிஃப்ட் திருத்துவது என் தொழில். மெல்பேர்ன் நகரத்துக் கட்டடங்களின் உச்சியிலும் அடியிலும், இரும்பு வடங்களுக்கிடையே குந்தியிருந்து வேலை செய்து செய்து முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. வசந்தம் வரும்வரை வேலைப் பக்கம் போகக்கூடாது என்று வைத்தியர் சொன்னதும், காலை வெட்டி எடுத்துவிடப் போகிறேன் என்று சொன்னதைப் போல இருந்தது எனக்கு.

எங்கள் வீடு நகரத்துக்கு வெளியே, த பேசின் என்ற ஊரில், மலையடிவாரத்தில். ஜூன் மாதத்தில் அங்கே மழை விட்டால் பனி, பனி விட்டால் மழை. ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரையில் காலை நீட்டியபடி, யன்னல் வழியே மலையில் மேகம் இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். மனைவிக்கு வைத்தியசாலை ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவள் தோட்டத்தில்தான். குளிரில் செடியெல்லாம் தூங்கும், மனிதர்களும் உள்ளே இருக்கலாம் என்று நான் சொல்வதுண்டு. அவள் கேட்கமாட்டாள். மழைச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு உள்ளி நடுவாள், கோவாக் கன்றுகளுக்கு மண் அணைப்பாள், தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைக்கு ஒரு பழைய படுக்கை விரிப்பைச் சுற்றிக் கட்டுவாள். காலையில் அதை அவிழ்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

அப்படியொரு நாள் கையில் மண்ணோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, சனிக்கிழமை ஒரு ஆள் வருகுது. நீங்கள் கோவிக்கக் கூடாது."

"ஆர்?"

"நாய்."

பந்தயத்தில் ஓடி முடிந்த கிரேஹவுண்ட் நாய்களை வீடுகளுக்குக் கொடுக்கும் இடம் ஒன்றில் அவள் எப்போதோ பெயர் பதிந்து வைத்திருந்தாளாம். இப்போது கூப்பிட்டிருக்கிறார்கள்.

"நாயெண்டால் வெளியிலதான்," என்றேன். "வீட்டுக்குள்ள விடேலாது."

"ஓம், பாப்பம்," என்றாள். அவள் 'பாப்பம்' என்றால் அந்த விஷயம் முடிந்துவிட்டது என்று பொருள்.

சனிக்கிழமை வந்து இறங்கியது நாயா மானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. கருஞ்சாம்பல் நிறம். நீண்ட கால்கள், ஒட்டிய வயிறு, எண்ணக்கூடிய விலா எலும்புகள். பிறந்ததிலிருந்து கூண்டிலும் பந்தயத் தடத்திலும் மட்டுமே வாழ்ந்த பெண் நாய் அது. வீடு என்றால் என்னவென்று அதற்குத் தெரியவில்லை. கண்ணாடிக் கதவில் மூக்கை இடித்துக்கொண்டது. பின்வாசலின் மூன்று படிகளைப் பார்த்து, மலையுச்சியில் நிற்பதைப் போல நடுங்கியது. பந்தயத்தில் அதற்கு ஒரு நீளமான பெயர் இருந்ததாம். மனைவி அதை ஒருமுறைகூட வாயில் எடுக்கவில்லை. "பிள்ளை, வாங்கோ" என்றுதான் கூப்பிட்டாள். அன்று முதல் அவள் எங்களுக்குப் பிள்ளை.

வெளியே படுக்கவிடும் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை. அந்த உடம்பில் கொழுப்பும் இல்லை, மயிரும் இல்லை. ஹீட்டருக்கு முன்னால் படுத்திருக்கும்போதே அவள் தோல் சிலிர்த்துக்கொண்டிருந்தது. கடையில் வாங்கிய நாய்க்கோட்டைப் போட்டால், அசையும்போதெல்லாம் அந்தத் துணி சரசரத்தது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து, நின்ற இடத்திலேயே அசையாமல் நின்றுவிட்டாள். ஒரு நாள் முழுக்க அப்படி நின்றவளைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. கோட்டைக் கழற்றினேன். எட்டி, அலுமாரிக்கு அடியில் கிடந்த பையை ஊன்றுகோலால் இழுத்தேன்.

அதற்குள் மனைவி பல குளிர்காலங்களுக்கு முன் தொடங்கி, பாதியில் விட்ட சால்வை ஒன்று இருந்தது. சிவப்புக் கம்பளி நூல், இரண்டு பின்னல் ஊசிகள். கைபேசியில் யாரோ ஓர் அம்மா பின்னிக் காட்டும் காணொளியைத் தேடி எடுத்தேன். முதல் நாள் முழுவதும் நூல் என்னைப் பின்னியதே தவிர நான் நூலைப் பின்னவில்லை. என் விரல்கள் இரும்பு வடத்துக்குப் பழகியவை, நூலை இறுக்கிப் பிடித்தன. கண்ணிகளுக்குள் ஊசி போகவே இல்லை. இரண்டாம் நாள் மாலை, கை எப்போது தளர்ந்தது என்று தெரியாது, வரிசை ஒன்று முழுதாக ஊசியில் வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் இன்னொன்று. மனைவி வேலையிலிருந்து வந்து காரை நிறுத்தும் சத்தம் கேட்டதும், ஊன்றுகோலை மறந்து எழுந்து நின்றுவிட்டேன்.

"இஞ்ச பாரும். நான் பின்னினது."

அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாங்கிப் பார்த்தாள். விரலால் தடவினாள்.

"இது எனக்கே வராமப் போனது," என்றாள். "ஆர் சொல்லித் தந்தது?"

"ஆரோ ஒரு அம்மா. கைபேசிக்குள்ள இருக்கிறா."

மகள் சிட்னியில், கிரவீனில் இருக்கிறாள். அன்று காணொளி அழைப்பில் என் மடியைப் பார்த்ததும் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"அப்பா, ஆர் யூ நிட்டிங்?"

"ஓம்."

"ஃபோர் த டோக்?"

"ஓம். அவவுக்குக் குளிருது."

"வீட்டுக்குள்ள விடேலாது எண்டு சொன்னது நீங்கதானே," என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் பத்து வரிசை பின்னலாம் போலிருந்தது.

அவளுக்குப் பின்னிய முதல் ஜம்பர், அதாவது கம்பளி மேற்சட்டை, தோல்வி. தலை உள்ளே போனது, வெளியே வரவில்லை. கழுத்து வாயை ஒடுக்கமாகப் பின்னியிருந்தேன்; கிரேஹவுண்டின் கழுத்து தலையைவிடப் பருமன் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சிவப்புக் குழாய்க்குள் மூக்கு மட்டும் தெரிய, அவள் பொறுமையாக நின்றாள். அவிழ்த்து மறுபடி தொடங்கினேன். இந்தமுறை பாதியில் சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது. மனைவி வேலைவிட்டு வரும் வழியில் வாங்கி வந்தது மஞ்சள். அதே சிவப்பு நூல் கடையில் இல்லையாம். இருந்த சிவப்பையும் பிரித்து, சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாகப் பின்னினேன். ஜம்பரின் ஒரு கை மற்றதைவிட நீளம். ஆனால் ஒரு சனிக்கிழமை காலை அதை மாட்டிவிட்டபோது பிள்ளை உடம்பை ஒருமுறை உதறினாள், என்னைப் பார்த்தாள், பிறகு தானாக நடந்துபோய்ப் பின்வாசல் படிகளில் இறங்கினாள். பயமில்லாமல், ஒவ்வொரு படியாக. நானும் ஊன்றுகோலோடு பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். மழை விட்டு, புல்லெல்லாம் மினுங்கிக்கொண்டிருந்தது.

மனைவி அன்று தள்ளுவண்டியில் எரு கொண்டுவந்து கோவாப் பாத்திக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுப் பக்கத்துப் படலைக் கதவு சாத்தியிருந்தது, கொழுக்கி போடவில்லை. பாத்திக்குள்ளிருந்து முயல் ஒன்று எழுந்தது. சில நாட்களாக எங்கள் கோவாவைத் தின்று தீர்த்த அதே முயல்தான். மனைவி கையிலிருந்த மண்கிளறியை ஓங்கினாள். முயல் படலைக்கு அடியால் பாய்ந்தது.

அந்த நொடி வரை பிள்ளை ஓடி நாங்கள் பார்த்ததில்லை. என் பக்கத்தில் நின்றவள் அடுத்த கணம் அங்கே இல்லை. படலை சுவரில் அடித்துத் திரும்பிய சத்தம் மட்டும் கேட்டது.

"ஐயோ, றோட்டுக்குப் போயிட்டாள்," என்று கத்திக்கொண்டு மனைவி மழைச் சப்பாத்தோடு ஓடினாள்.

மலையிலிருந்து இறங்கும் பெரிய தெரு எங்கள் வீட்டுக்கு அடுத்த மூலையில் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் மலைக்குப் போகும் கார்கள் விடாமல் ஓடும் தெரு. நான் முன்வாசலுக்கு நொண்டிக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டுக்காரர் தன் யூட் வண்டியைக் கழுவிக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரர், தலையசைப்பதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. என் கோலத்தைப் பார்த்துக் குழாயைக் கீழே போட்டார்.

"ஜம்பர் போட்ட நாய்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "அந்தப் பக்கம் போனது. ஏறு."

மூலையில் மனைவியைக் கண்டோம். அவள் மூச்சிரைக்கக் கையைக் காட்டினாள், நிற்காமல் போகச் சொன்னாள். பெரிய தெருவில் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. எதுவும் நின்றிருக்கவில்லை, யாரும் கூடியிருக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. பஸ் தரிப்பில் நின்ற பெண்ணிடம் எதிர்வீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கிக் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டு, "சிவப்பு மஞ்சள் ஜம்பரா? மைதானத்துக்குப் போனது," என்றாள்.

மைதானத்தில் பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளின் ஃபுட்டி, ஆஸ்திரேலிய உதைபந்தாட்டம், நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தது என்று சொல்ல முடியாது. நடுவர் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் எல்லாரும் நடுவில் ஒன்றாகக் கூடி நின்றார்கள். வேலியோரம் பீனித் தொப்பியும் கையில் கோப்பியுமாக நின்ற பெற்றோர் எல்லாரும் ஒரே திசையில் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

எல்லைக்கோட்டைச் சுற்றிப் பிள்ளை ஓடிக்கொண்டிருந்தாள்.

முயலை அவள் எங்கேயோ மறந்திருந்தாள். இப்போது எதையும் துரத்தவில்லை. உடம்பு மடிந்து, நான்கு கால்களும் வயிற்றுக்கு அடியில் ஒன்றாகி, அடுத்த கணம் முன்னும் பின்னும் நீட்டி, நிலத்தைத் தொடாமல் மிதந்து வந்தாள். திரும்பும் இடத்தில் ஈரப்புல் பிய்ந்து பறந்தது. எங்களைத் தாண்டிப் போனபோது மூச்சுச் சத்தமும் காற்றும் சேர்ந்து முகத்தில் அடித்தன. வேலியோரம் எல்லாரும் ஓவென்று கூவினார்கள். நானும் கூவினேன். பிடிக்க வந்தவன் என்பதை மறந்து, யூட் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு கூவினேன். எங்கள் வீட்டில் மூன்று படி இறங்கப் பயந்து நடுங்கியவளா இவள் என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் புல்லரித்தது.

அப்போதுதான் கவனித்தேன். உள்ளூர் அணிப் பிள்ளைகள் போட்டிருந்ததும் சிவப்பு மஞ்சள் பட்டைதான். உயரமான ஒரு பெண்பிள்ளை, முகமெல்லாம் சேறு, என்னிடம் ஓடிவந்தாள்.

"இவள் எங்கட டீமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஓம்," என்றேன் தமிழில். பிறகு சுதாரித்துக்கொண்டு, "யெஸ்," என்றேன்.

அவளைப் பிடிக்க யாராலும் முடியாது என்பது தெளிவாகத் தெரிந்தது. இரண்டு அப்பாக்கள் கையை விரித்துக்கொண்டு போய் வழுக்கி விழுந்தார்கள். நான் வேலியைத் தாண்டி உள்ளே போய், புல்லில் ஊன்றுகோலை நட்டு நின்று, மனைவி கூப்பிடும் மாதிரியே கூப்பிட்டேன்.

"பிள்ளை, வாங்கோ."

ஒரு சுற்றுப் போனாள். கேட்கவில்லை என்று நினைத்தேன். அடுத்த சுற்றில் வளைவிலிருந்து நேராக என்னை நோக்கித் திரும்பினாள். அந்த வேகத்தில் வந்து மோதினால் புதுமுழங்கால் போய்விடும் என்று தோன்றியும் நான் நகரவில்லை. எனக்கு முன்னால் புல்லில் சறுக்கி, மெதுவாகி, நடந்து வந்தாள். பிறகு தன் உடம்பின் முழுப் பாரத்தையும் சத்திரசிகிச்சை செய்த காலிலேயே சாய்த்துக்கொண்டு நின்றாள். உயிர் போகும் வலி. நான் அசையவேயில்லை. கம்பளிக்கு அடியில் அவள் இதயம் அடித்ததை என் தொடை உணர்ந்தது. இரண்டு பேருக்கும் ஒரே வேகம்.

கைதட்டல் எழுந்தது. நடுவர் விசிலை வாயில் வைத்தவர், சிரிப்பை அடக்க முடியாமல் அதை மறுபடி எடுத்தார்.

மனைவி வந்து சேர்ந்தபோது கையில் இன்னும் அந்த மண்கிளறி இருந்தது. ஈரப்புல்லில் முழந்தாளிட்டு, பிள்ளையின் பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். காயம் இல்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"ஓடினவளோ?"

"ஓடினவள். நீர் பாக்கேல்லை."

"கடைசிச் சுற்றுப் பாத்தனான். அந்த வளைவால வரேக்க," என்று நிறுத்தி, பிள்ளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

எதிர்வீட்டுக்காரர் எங்கள் மூவரையும் வீட்டில் இறக்கினார். மனைவி அவரை உள்ளே கூப்பிட்டு, குசினி மேசையில் இஞ்சித் தேத்தண்ணியும் சூடான வாழைப்பழ வாய்ப்பனும் வைத்தாள். அவர் மூன்றாவது வாய்ப்பனை எடுத்தபோது, இந்தத் தெருவில் பதினைந்து வருடமாக இருக்கிறேன், இப்படி ஒரு சனிக்கிழமையைக் கண்டதில்லை என்றார். படலைக்குத் தானாகப் பூட்டும் கொழுக்கி ஒன்றை மறுநாளே கொண்டுவந்து பூட்டித் தந்தார். முயல் பிழைத்தது. கோவாவை அது மிச்சம் வைக்கவில்லை. அந்தப் பாத்தியில் மனைவி அவரைக்காய் விதைகளைப் போட்டாள்.

மைதானத்தில் அவள் ஓடியதைப் பார்த்த பிறகு அவளை ஹீட்டருக்கு முன்னால் மட்டும் வைத்திருக்க எங்களுக்கு மனம் வரவில்லை. காரில் கொஞ்சத் தூரம் போனால், சுற்றிவர வேலியடைத்த நாய்ப் புல்வெளி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விடிந்ததும், பனி கரைவதற்கு முன்பே அங்கே போய்விடுகிறோம். அந்த நேரத்தில் வேறு யாரும் இருப்பதில்லை. மனைவி வாசலைச் சாத்திவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள். நான் குனிந்து கழுத்துப்பட்டியின் கொழுக்கியைத் தொடுவேன். என் விரல் பட்டதுமே பிள்ளையின் தோள் இறுகும், காது பின்னால் படியும்.

"விடுங்கோ," என்பாள் மனைவி. அவளுக்கு ஒரு கணம்கூடப் பொறுக்காது.

நான் விடுவேன்.