விளக்கு மட்டும் உள்ளே இருந்தது

என் வீட்டுக் கதவில் வேறொரு பூட்டு தொங்கியது. எழுபத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மழை. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, வயிற்றில் எட்டு மாதம். மாரியம்மாவை நம்புகிற உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், அன்று அவள்மேல்கூட எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த வீட்டில் ஐந்து வருஷமாக வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் கோவிந்தனை அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிடுவேன். வாடகையில் ஒரு நாள் முன்னே பின்னே ஆனதில்லை. அவர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. "தங்கச்சி, மாப்ள வூட்டு ஜனம் தங்க எடம் பத்தல. மூணு நாளு உன் வூட்ட குடு" என்று கேட்டார். கூடப்பிறந்தவன் கேட்டால் மாட்டேன் என்பேனா? நானே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். வாசல் நிறையக் கோலம் போட்டேன். வருகிறவர்களுக்கு வீடு இருட்டாக இருக்கக் கூடாதே என்று மாடத்தில் சாமி விளக்கை ஏற்றி வைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். பிள்ளைகளை வாலாஜாபாத்தில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, அந்த வயிற்றோடு கல்யாணத்தில் எச்சில் இலைகூட எடுத்தேன்.

மூன்றாம் நாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தால் பூட்டு. பாத்திரம் பண்டமெல்லாம் பின்பக்கம் மழையில் கிடந்தன. கோவிந்தனிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை.

"நீயாத்தானே காலி பண்ணிக்கினு போன? மாப்ள அங்க குடி வரப் போறாரு. இப்ப வந்து இன்னாத்துக்குப் பேஜார் பண்ற?"

அடப்பாவி! தங்கச்சி என்று கூப்பிட்ட அதே வாய். லாரியில் லோடு ஏற்றப் போன என் வீட்டுக்காரர் ஆந்திரா பக்கமிருந்து திரும்ப நாலு நாள் ஆகும். அக்கா வீட்டிலோ ஒரே அறையில் எட்டுப் பேர். பிரசவத்துக்கு எங்கே போய்ப் படுப்பேன்?

மாரியம்மன் கோயிலில் போய் உட்கார்ந்தேன். கும்பிடவில்லை. சண்டைதான் போட்டேன். "உனக்கு ஒரு கூரை கீது. எனக்கு இன்னா கீது? தினம் வெளக்கு ஏத்தினதுக்கு இதான் கூலியா?" கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

எதிரே மளிகைக் கடை வைத்திருந்த பாய் காதில் அது விழுந்திருக்கிறது. குடையோடு வந்து விசாரித்தார். எல்லாம் சொன்னேன்.

"கல்யாணத்துக்கு முந்தின நாளு வெளக்குக்கு எண்ண வாங்கினு போனியேம்மா. அந்த வெளக்கு எங்க?"

"உள்ளதான் பாய். மழையில கெடக்கற சாமானுல அது இல்ல."

"எழுந்திரும்மா, போலாம்."

நேராகக் கிராம முன்சீப்பிடம் கூட்டிப்போனார். அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கு அவர்தான் சர்க்கார். கோவிந்தன் அங்கேயும் அதே பொய்யைக் கூசாமல் சொன்னார். முன்சீப் எங்கள் கூடவே மழையில் வந்து கதவைத் திறக்கச் சொன்னார். வீடு துடைத்துப் போட்டதுபோல் காலி. மாடத்தில் மட்டும் என் விளக்கு இருந்தது. என் உலை மூடியைக்கூட விடாமல் வாரி எறிந்தவருக்கு அதைத் தொட மட்டும் கை வரவில்லை.

"சாமி வெளக்க வுட்டுட்டு எந்தப் பொம்பளடா வூட்ட காலி பண்ணுவா?" என்றார் முன்சீப். கோவிந்தன் தலையைத் தொங்கப் போட்டார். சாவி என் கைக்கு வந்தது.

அடுத்த மாதம் அந்த வீட்டிலேயே என் மகள் பிறந்தாள். மாரி என்றே பெயர் வைத்தோம். நாலு வருஷம் கழித்து, நாங்களாகப் பார்த்து வேறு வீட்டுக்குப் போனபோது விளக்கைத்தான் முதலில் எடுத்தேன். எண்ணெய் இன்றைக்கும் பாய் கடையில்தான்.

கோவிந்தனை மன்னித்துவிட்டாயா என்று மட்டும் கேட்காதீர்கள். அன்று சாப்பிட்ட கல்யாணச் சோறு இன்னும் தொண்டையில் நிற்கிறது. அதன்பிறகு நான் யாரையும் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை.

ஆனால் ஒன்று. அம்மா என்னை வெளியே தள்ளிவிட்டாள் என்று திட்டினேனே, அவளோ எனக்காக உள்ளே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். கதவு பூட்டியிருக்கிறதே என்று அழுகிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால் அவளிடம் போங்கள். கும்பிட மனசு வராவிட்டால் சண்டை போடவாவது போங்கள்.