இருபத்துநாலு மணி நேரப் பாட்டில்

ரத்தம் எடுப்பவனைக் கண்டால் ஜனங்களுக்குப் பயம். சிறுநீர் வாங்குபவனைக் கண்டால் இளப்பம். எழுபதுகளின் கடைசியில், டில்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி லேபில் நான் இரண்டாவது ரகம். சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் சிலருக்குக் கட்டி வரும். அது ஹார்மோனைக் கண்டபடி கொட்டி ரத்தக் கொதிப்பை எகிற வைக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் சிறுநீர் வேண்டும். கையில் பாட்டிலோடு வரிசையில் நெளிந்த உங்களுக்கு அந்த அவஸ்தை தெரியாததா!

ஆபீஸ் நேரம்

கரோல் பாகிலிருந்து வெங்கடேசன் வந்தார். தஞ்சாவூர்க்காரர், மத்திய சர்க்காரில் கிளார்க். திடீர் திடீரென்று தலைவலி, வியர்வை, படபடப்பு. காலை ஏழிலிருந்து மறுநாள் ஏழு வரை எல்லாம் இதற்குள்தான் என்று படித்துப் படித்துச் சொல்லிப் பெரிய பாட்டிலைக் கொடுத்தேன். திரும்பி வந்ததில் கால் பாட்டில்கூட இல்லை.

"பகல்ல போகவே இல்லையா ஸார்?" என்றேன். மனிதர் அசரவில்லை.

"அது ஆபீஸ் டைம் ஸார். சர்க்கார் நேரத்துல சொந்த வேலையை எப்படிப் பார்க்கறது?"

காபி கூடாது

மறுபடி பாட்டில். இந்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே காபி, வாழைப்பழம் எல்லாம் நிறுத்த வேண்டும். தஞ்சாவூர்க்காரரிடம் இதைச் சொல்ல எனக்கே நாக்கு கூசியது. பாட்டிலோடு வந்தபோது, காபி குடித்தாரா என்று அவர் மனைவி கமலத்தைக் கேட்டேன். அந்த அம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சத்தியமா காபி கொடுக்கலை ஸார். பால் விடாம வெறும் டிகாக்‌ஷன்தான் கொடுத்தேன்."

கமலத்தின் பாட்டில்

மூன்றாம் தடவை எல்லாம் சரியாக நடந்தது. கட்டியை எடுத்தார்கள், வெங்கடேசன் பிழைத்தார். ஆனால் இது வம்சவழி வியாதி, ஒரே பெண் உஷாவையும் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். உஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாதம் ஒன்று போனது, உஷா வரவில்லை. கமலம்தான் வந்தார், தன் பேர் எழுதிய பாட்டிலோடு. "எனக்கும் படபடப்பா இருக்கு ஸார்."

ரிசல்ட் எகிறிக் கிடந்தது. டாக்டர் கூப்பிட்டுப் பார்த்தால் கமலத்துக்குக் கொதிப்பே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. "இது உங்க வீட்டுக்காரர் வழி வியாதி. உங்க உடம்புக்கு எப்படிம்மா வரும்?" என்றேன். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

"உஷா பேர் இங்கே ரிகார்டுல ஏறினா, எந்த வீட்டுல ஸார் பொண்ணு எடுப்பா?"

உஷா

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கமலம் உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால், இந்தக் கட்டி பிரசவத்தில் தாயையும் பிள்ளையையும் சேர்த்தே கொண்டுபோயிருக்கும் என்றார் டாக்டர். எனக்கும் இரண்டு பெண்கள்.

மறுநாளே உஷா வந்தாள். டில்லியிலேயே பிறந்த பெண், தமிழும் ஹிந்தியும் கலந்து கட்டிப் பேசுவாள். புதுப் பாட்டிலில் தன் பேரைத் தானே கொட்டை எழுத்தில் எழுதினாள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல வேண்டாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"காலையிலயே லெட்டர் போட்டுட்டேன் அங்கிள். வேண்டாம்னு சொன்னா சொல்லட்டும், கோயி பாத் நஹீ, பரவாயில்லை. அதைக் கேக்க நான் உயிரோட இருப்பேன் இல்ல?"

கட்டியைக் கண்டுபிடிப்பது எங்கள் தொழிலில் சுலபமான பாதி, பாட்டிலைக் கொண்டுவருகிறவர்களிடமிருந்து உண்மையைக் கறப்பதுதான் மீதி.