கல்யாண அடுப்புக்கு ஆற்றுக் கல்

என் மைத்துனியின் கல்யாணத்தில் சோற்று அண்டாவைச் சாய்த்தவன் நான். அண்டாவைத் தொடவில்லை, பக்கத்தில்கூடப் போகவில்லை. ஒரு புத்தகம் படித்தேன், அவ்வளவுதான். புத்தகம் படித்து மனைவியைக் கொல்லப் பார்த்த ஆசாமி இந்தப் பாலக்காட்டுச் சீமையில் இன்னொருவர் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தாலும் அவர் வெளியே சொல்ல மாட்டார். நான் எழுதுகிறவன், அந்த வெட்கமெல்லாம் எனக்குக் கட்டுப்படியாகாது.

நெல்லியாம்பதி மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பியபோது அவருடைய சாமான்களைக் கொல்லங்கோட்டில் ஏலம் போட்டார்கள். புத்தியுள்ளவர்கள் நாற்காலியும் தொங்கு விளக்கும் எடுத்தார்கள். பள்ளிக்கூட வாத்தியாரான நான் பாறைகளைப் பற்றிய ஒரு தடிப் புத்தகத்தை எடுத்தேன். அதோடு ஒரு சிறு சுத்தியலும் வந்தது. புத்தகம் மட்டும் வந்திருந்தால் சேதம் குறைவாக இருந்திருக்கும்.

உலகத்துக் கல்லெல்லாம் மூன்றே சாதி என்றது புத்தகம். மனிதர்களை அதைவிட நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கும் ஊரில் பிறந்தவனுக்கு இது வெகு சுலபமாகத் தோன்றியது. பூமிக்குள்ளே குழம்பாய்க் கொதித்துக் கிடந்தது ஆறி இறுகினால் ஒரு சாதி. அது தீயில் பிறந்த கல். மணலும் வண்டலும் சிப்பியும் தண்ணீருக்கடியில் அடுக்கடுக்காய்ப் படிந்து அழுந்தினால் இன்னொன்று. இந்த இரண்டில் எதுவானாலும் பூமியின் ஆழத்தில் மாட்டிக்கொண்டு, வெக்கையிலும் அமுக்கத்திலும் பழைய சுபாவம் போய் வேறாகிவிட்டால் அது மூன்றாவது. அடையாளம் காணவும் வழி சொல்லியிருந்தது. மணிகள் கலைந்து கிடக்கின்றனவா, வரிசையாக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கத்தியால் கீற வேண்டும். புளித்த சாறு விட்டு நுரைக்கிறதா என்று கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த மாதம் எலுமிச்சம்பழம் ஊறுகாய்க்கு மிஞ்சவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே மாமனார் வீட்டுக்குப் போய்விட்டோம். கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே வயலும் பனையுமாக ஒரு ஊர். போன அன்றே அம்மியைத் தட்டினேன், ஆட்டுக்கல்லைத் தட்டினேன், வாசற்படியைத் தட்டினேன். கோயிலில் இருந்த அம்மன் சிலை மூன்றாவது சாதிக் கல் என்று மாமனாரிடம் தெரிவித்தேன்.

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். “அப்படீங்களா மாப்பிளே. பொண்ணு கல்யாணம் முடியற வரைக்கும் அம்மங்கிட்ட சொல்லிப் போடாதீங்க.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். கல்யாணத்துக்கு முதல் நாள் சமையல் கொட்டகைப் பக்கம் போனேன்.

வீட்டுக்குப் பின்னால், ஓலைக் கூரை போட்ட நீளமான கொட்டகை அது. மூன்று பக்கம் மண்சுவர், ஒரு பக்கம் மட்டும் திறப்பு. அந்தத் திறப்பை ஒட்டித்தான் அடுப்பு. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் போய்வர இடம் விட்டிருந்தார்கள். அடுப்புக்கு வெட்டுக்கல் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். செந்நிறமாய்ப் பொத்தல் பொத்தலாக, பூமியிலிருந்து செங்கல் மாதிரி வெட்டியெடுக்கும் கல். இந்தப் பக்கத்தில் வீடு, கிணறு, மதில் எல்லாம் அதில்தான். அது மழையிலும் வெயிலிலும் உளுத்துப்போன பாறையின் மிச்சம் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். உளுத்ததை நம்பி நானூறு பேர் சோற்றை ஏற்றுவதா? தீயில் பிறந்த கல் இருக்கும்போது?

என் மச்சினன் வண்டி பூட்டினான். காயத்திரிப்புழை ஆற்றில் முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கி, நானே கற்களைப் பொறுக்கினேன். கரும்பாம்பும் வெள்ளைப் பாம்பும் பின்னிக் கிடந்தாற்போல வரி ஓடிய கனமான கற்கள். வரிகள் ரொம்ப அழகு என்று நினைத்துக்கொண்டேன். அன்று என் ஆராய்ச்சி அழகோடு நின்றுவிட்டது. சொட்டச் சொட்ட வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம்.

“வெடிக்காதுங்களே மச்சான்?” என்று மச்சினன் கேட்டான்.

“நெருப்பிலே பொறந்த கல்லுடா. அதுக்கு நெருப்பு தாய்வீடு.”

சமையற்காரரையும் கேட்டோம். “எந்தக் கல்லா இருந்தா என்னங்க, அண்டா ஆடாம நின்னாச் செரி” என்றார். மேலான யோசனை அன்று அந்த வீட்டில் யாரிடமும் இல்லை.

மறுநாள் காலை. தாலி கட்ட இன்னும் நேரம் இருந்தது. சோற்று அண்டா கொதிக்க ஆரம்பித்தபோது கொட்டகையிலிருந்து ‘டம்’ என்று ஒரு சத்தம் வந்தது. பந்தலில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், “கதினா போடறாங்களாட்ட இருக்குது, நல்ல கனமான வெடி” என்று பாராட்டினார். எங்கள் வீட்டில் வெடி வைக்க யாரையும் ஏற்பாடு செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் சிரித்தேன். பயம் வந்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும்.

கொட்டகைக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டாவது சத்தம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பறந்து வந்து, பந்தற்காலில் கட்டியிருந்த வாழைமரத்தில் பாதி புதைந்து நின்றது. என் கழுத்தின் உயரத்தில் நின்றது.

சமையற்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். “கல்லு வெடிக்குதுங்க” என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். அவர் ஓடவில்லை, நடந்தார். கொதிக்கும் அண்டாவோடு முப்பது வருஷம் பழகிய மனுஷர் ஒரு வார்த்தை வையாமல் நடந்து போனதைப் பார்த்துத்தான் காரியம் மிஞ்சிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. பின்னாலேயே உதவியாட்களும் போய்விட்டார்கள்.

அப்போதுதான் உள்ளே பார்த்தேன். கொட்டகையின் கோடியில், மண்சுவரில் முதுகு சாய்த்து, பூசணிக்காய்க் குவியலுக்கு நடுவே என் மனைவியும் அவளுடைய அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தைக்குக் கனத்த சரீரம், இரண்டு முழங்காலும் வாதம். வெளியே வர அடுப்பை உரசிக்கொண்டு போகும் அந்த ஒரு வழிதான். அண்டாவைத் தாங்கிய கற்களில் ஒன்று உட்பக்கம் பாதி கழன்றிருந்தது. அண்டா அவர்கள் பக்கமாகத் தலை சாய்த்திருந்தது. கஞ்சி விளிம்பில் நுரைத்து வழிந்து தணலில் விழ, விழுந்த இடத்தில் உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. கல்லுக்குள்ளே யாரோ நகத்தால் சுரண்டுவது போல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“ஏனுங்க” என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். “நாங்க எந்திரிக்கட்டுங்களா, உக்காந்திருக்கட்டுங்களா?”

“உக்காரு” என்றேன். உடனே, “எந்திரி” என்றேன். பிறகு, “சித்தெ இரு” என்றேன். அதற்கு மேல் அவள் என்னைக் கேட்கவில்லை. கல்லின் மூன்று சாதிகளும் அவற்றின் உட்பிரிவுகளும் வரிசையாக மனத்தில் ஓடின. ஒன்றுகூட உபயோகமில்லை.

ஒன்று மட்டும் இருந்தது. மச்சினன் பெரிய குடம் நிறையத் தண்ணீரோடு ஓடிவந்தான். தணலை அணைக்கப் போகிறான். எல்லாருக்கும் தோன்றுகிற காரியம்தான். எனக்கோ புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் கண்முன் வந்து நின்றன. வெடிமருந்து வைக்கத் தெரியாத காலத்தில் பாறையைப் பிளந்த முறை: மேலே விறகடுக்கித் தீமூட்டு, நன்றாகக் காயவிடு, பச்சைத் தண்ணீரைக் கொட்டு, பாறை படீரென்று பிளக்கும். ஒரு கல் அல்ல, எல்லாக் கல்லும் ஒரே சமயத்தில்.

“ஊத்தாதே” என்று கத்தினேன். “தண்ணி பட்டா அத்தனையும் வெடிக்கும்.”

“உடுங்க மச்சான். நேத்து வெடிக்காதுன்னீங்க, இன்னிக்கு வெடிக்குங்கறீங்க. எதைத்தான் நம்பறது?”

நியாயமான கேள்வி. பதில் சொல்ல அவகாசமில்லாததால் குடத்தைக் கட்டிப் பிடித்தேன். அவன் இழுத்தான், நானும் இழுத்தேன். குடமும் நானும் சேர்ந்து கொட்டகை வாசலில் உருண்டோம். சாணி மெழுகிய தரையில் தண்ணீர் பரவியது. கிடந்த கிடையிலேயே அடுப்பைப் பார்த்தேன். தண்ணீர் ஒரு முழம் தள்ளியே நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது என்று இன்றும் நம்புகிறேன்.

மூன்றாவது வெடி. அண்டா இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

அப்போது கொட்டகைக்குள் பாயச உருளி எழுந்து நின்றது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் பெரிய வெண்கல உருளி, காலியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. இப்போது அதற்குக் கீழே நான்கு கால்கள். மனைவியும் அத்தையும் அதைத் தலைக்கும் தோளுக்கும் குடையாகப் பிடித்துக்கொண்டு, ஆமை மாதிரி அடுப்பை நோக்கி வந்தார்கள். நேராக அடுப்புக்கு எதிரே வந்தபோது ஒரு சில்லு அடித்தது. கோயில் மணி போல வெண்கலம் ‘ணங்’ என்று ஒலித்து அடங்கியது. உருளி ஒரு பக்கம் தடுமாறியது, சரிந்தது, மறுபடி நிமிர்ந்தது. நான்கு கால்களும் வெளியே வந்துவிட்டன.

உருளியைக் கீழே போட்டுவிட்டு அவர்கள் மூச்சு வாங்குவதற்குள் கடைசிக் கல்லும் போயிற்று. அண்டா நிதானமாகச் சரிந்தது. கொதிக்கும் சோறும் கஞ்சியும் கொட்டகைக் கோடி வரை போய், அந்த மண்சுவரில் இடுப்புயரத்துக்கு மோதித் திரும்பின. மனைவி உட்கார்ந்திருந்த பாயின் மேல் ஆவி பறந்தது. வெட்டி வைத்த பூசணித் துண்டுகள் அதில் மிதந்தன, பாதி வெந்து. நான் இன்னும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

முகூர்த்தம் தவறவில்லை. பழைய வெட்டுக்கல்லை அடுக்கி வேறு உலை வைத்தார்கள். பந்தி மட்டும் தாமதம். கல்லும் அலுங்கவில்லை, சமையற்காரரும் என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் உடைந்த துண்டுகளைப் பார்த்தேன். தீயில் பிறந்ததாக நான் சத்தியம் செய்த கல்லில் மணிகள் வரிசை வரிசையாக நின்றன. மூன்றாவது சாதி. வரியோடு வரியாகப் பிளந்திருந்தது. வரிகளுக்கு நடுவே ஆற்றுத் தண்ணீர் புகுந்திருக்கும்; சூட்டில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல்லைக் கிழித்திருக்கும். முதல் சாதியாகவே இருந்திருந்தாலும் இதே கதிதான் என்று புத்தகத்தில் அடுத்த அத்தியாயம் சொன்னது. அந்த அத்தியாயத்தைக் கல்யாணத்துக்கு அப்புறம் படிக்கலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் வண்டியில் ஊர் திரும்பினோம். மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அவள் தோளில் உருளி விளிம்பு அழுத்திய தடம் கன்றிப் போயிருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செய்த பாவத்தில் பாதியாவது குறையட்டும் என்று, தண்ணீர்க் குடத்தோடு நான் உருண்டதை விவரமாகச் சொன்னேன். அது மட்டும் கல்மேல் பட்டிருந்தால் இருவரும் பிழைத்திருக்க மாட்டீர்கள் என்று முடித்தேன்.

அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

“உருளிக்குள்ள இருந்து எங்களுக்கு ஒண்ணும் தெரியலீங்க” என்றாள். “வாசல்ல தண்ணி மட்டும் கெடந்துச்சு. அத்தை அதுல வழுக்கித்தான் விழப் பாத்தாங்க. எந்தக் கேணையன் இங்க தண்ணியக் கொட்டுனான்னு வஞ்சுட்டே வந்தாங்க. அது நீங்கதானுங்களா?”