பெடியனை முதல் ஐவரில் இறக்கிய நாள்

பொன்னாடை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் ஓங்காளம் வருகிறது. மிகைப்படுத்தவில்லை. சென்ற கோடையில் கனடாவின் மார்க்கம் நகரில் ஒரு கல்யாண வரவேற்பு. யாரோ ஒரு பெரியவருக்குப் போர்த்துவதற்காக இரண்டு பேர் தட்டத்தில் பொன்னாடையோடு மேடையில் ஏறினார்கள். நான் கடித்துக்கொண்டிருந்த றோல்ஸை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் என் காருக்குப் பக்கத்தில் நின்றேன். மனைவி தேடிக்கொண்டு வந்து, "என்னப்பா, சுகமில்லையோ?" என்று கேட்டாள். சுகமில்லைத்தான். ஆனால் காய்ச்சல், தலையிடி என்று சொல்லக்கூடிய சுகமின்மை இல்லை.

அதற்குக் காரணமான நாளை எழுதுகிறேன். இதில் எனக்கு மற்றவர்கள்மேல் வரும் அருவருப்பு கொஞ்சமல்ல. என்மேல் வருவதையும் மறைக்கப்போவதில்லை.

நான் தொழில்முறைக் கூடைப்பந்து அணி ஒன்றில் உதவிப் பயிற்சியாளன். தொலைக்காட்சியில் வரும் அந்தப் பெரிய அணி என்று நினைத்துவிட வேண்டாம். எங்களுடையது கனடாவுக்குள்ளேயே ஆடும் சின்ன லீக். ஸ்காபரோவில் ஒரு கல்லூரியின் உள்ளரங்கம்தான் எங்கள் களம். பாதி இருக்கைகள் எப்போதும் காலியாக இருக்கும். எட்டு வயதில் அகதியாக வந்து, டோர்செட் பார்க் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் வலையில்லாத வளையத்தில் பந்து போட்டு வளர்ந்த எனக்கு அதுவே பெரிய உத்தியோகம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் யார் முதலில் இறங்குவது, யார் எப்போது வெளியே வருவது, யாரை யாரோடு சேர்த்து விடுவது என்று ஒரு தாளில் எழுதித் தலைமைப் பயிற்சியாளரிடம் கொடுப்பது என் வேலை. அவர் பெரும்பாலும் ஒரு எழுத்தையும் மாற்றமாட்டார்.

அந்தப் பருவத்தில் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் இடத்துக்கு எங்களிடம் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மூத்தவர். முப்பத்தாறு வயது, ஹலிஃபாக்ஸில் பிறந்த கறுப்பினத்தவர், நாலு நாடுகளில் ஆடியவர், இரண்டு முழங்காலிலும் கத்திவைத்த தழும்பு. மற்றவன் எங்கள் தமிழ்ப் பெடியன். இருபத்தொரு வயது, இங்கேயே பிறந்தவன், ஸ்ரௌவ்வில்லில் தாய் தகப்பனோடு இருந்தான். அவன் ஓடத் தொடங்கினால் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர எதிரணிக்கு வேறு வேலையில்லை.

மூத்தவர் ஓடமாட்டார். அவருக்கு ஓடத் தேவையுமில்லை. முதல் ஏழெட்டு நிமிடம் நடந்து நடந்தே எதிரணியை அலைக்கழிப்பார். அவர்கள் எரிச்சலில் மூச்சு வாங்கத் தொடங்கும்போது பெடியனை உள்ளே விடுவோம். அதற்குப் பிறகு அவர்களால் அவனைப் பிடிக்க முடியாது. மூத்தவரை முதலில் மாற்று ஆட்டக்காரர் இருக்கும் களத்தோர வாங்கில் இருத்தினால் மூட்டுகள் இறுகிவிடும். பெடியனை இருத்தினால் அவனுக்குப் பசி ஏறும். இரண்டு பேருக்கும் அது தெரியும், இரண்டு பேருக்கும் அது பிடித்திருந்தது. இந்த ஒரு விசயத்தை ஒழுங்காகச் செய்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

மார்கழித் தொடக்கத்தில் பெடியனுக்குத் தொடையின் பின்தசை இழுத்துவிட்டது. பெரிய காயமில்லை. மூன்று கிழமை ஓய்வுக்குப் பிறகு அணியின் பிசியோ மூன்று நிபந்தனை சொன்னார். முதலில் இறக்கக்கூடாது. நன்றாகச் சூடான பிறகுதான் உள்ளே விடவேண்டும். இடையில் உடம்பு ஆறவே கூடாது. அவனுடைய ஒப்பந்தம் தை மாதக் கடைசிவரைதான். அதுவரைக்கும் கால் தாங்கினால் பருவம் முழுவதற்கும் கையெழுத்து, தாங்காவிட்டால் வீடு. தகப்பன் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, எங்கட ஆள் ஒருத்தர் உள்ளுக்க நிக்கிறார் எண்ட தைரியத்திலதான் இவனைப் படிப்பை நிப்பாட்ட விட்டனான். பாத்துக்கொள்ளும்" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அதே கிழமைதான் அணியின் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். தை மாதம் தமிழர் மரபு மாதமாமே, ஒரு ஆட்டத்தைத் தமிழர் நாளாக வைத்து அரங்கத்தை நிரப்பு என்றார். நான் எங்கள் ஊர்ச் சங்கங்களின் கூட்டமைப்புத் தலைவரைப் பிடித்தேன். அவர் வீடு விற்கும் முகவர். எங்கள் பக்கத்துப் பஸ் தரிப்பிட வாங்குகளில் பாதி அவர் முகத்தை விளம்பரமாகத் தாங்கிக்கொண்டிருக்கும். வோபர்னில் ஒரு கோப்பிக் கடையில் அவரும் இன்னும் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள்.

"பெடியன் முதல் அஞ்சு பேருக்குள்ள இறங்குவான்தானே?" தலைவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"இல்லை அண்ணை. அவன் கொஞ்சம் பிந்தித்தான் இறங்குவான். காலில நோவு. நோவு இல்லாட்டியும் எங்கட முறை அதுதான்."

"அப்ப எங்கட பிள்ளை வாங்கில குந்தியிருக்கிறதைப் பாக்கவோ நாங்கள் ஐந்நூறு சனத்தைக் கொண்டுவாறது?"

நான் விளக்கினேன். வாங்கிலிருந்து எழுந்து வருவது தண்டனை இல்லை, அது ஒரு பொறுப்பு என்றேன். ஆனால் வாங்கு என்றால் அவர்கள் மனதில் வகுப்பின் கடைசி வாங்கு, மொக்குப் பிள்ளைகள் இருக்கும் இடம். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சொல்லி வளர்ந்த சனம். பந்தியில் முன்னுக்கு இருக்கவேண்டும், மேடையில் முன்வரிசையில் இருக்கவேண்டும், ஆட்டத்திலும் முதலில் இறங்கவேண்டும். பிறகு என்ன நடந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை.

மற்றவர்களில் ஒருவர், "உது வெள்ளையள் எங்கட பிள்ளையளை அமத்துற வேலை. உமக்கு விளங்கேல்லையோ?" என்றார். முதலில் இறங்குகிறவர் வெள்ளையர் இல்லை, கறுப்பர் என்றேன். மூன்று பேரும் மூஞ்சியைச் சுளித்தார்கள். இனக்கலவரத்துக்குப் பயந்து ஓடிவந்தோம் என்று எல்லா மேடையிலும் அழுகிற வாய்கள். அந்தச் சுளிப்பைப் பார்த்ததும் கோப்பியைத் தள்ளிவைத்தேன். அப்போதாவது எழும்பிப் போயிருக்கலாம். நான் எழும்பவில்லை. மேலாளர் முன்னால் நிரம்பிய அரங்கத்தைக் காட்டவேண்டும் என்ற நப்பாசை என்னை அந்தக் கதிரையோடு ஒட்டிவைத்திருந்தது. "சரி அண்ணை, பாப்பம்" என்றேன். எங்கள் ஆட்களிடம் பாப்பம் என்றால் ஓம் என்றுதான் அர்த்தம்.

தாளில் பெடியனின் பெயரை மேலே எழுதினேன். தலைமைப் பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இது சரியில்லை, அவன் கால் தயாரில்லை என்றார். பேருக்கு இரண்டு நிமிடம்தான், பிறகு நானே வெளியே எடுத்துவிடுவேன், என் சமூகத்துக்கு இது முக்கியம் என்றேன். சமூகம் என்ற சொல்லைச் சொன்னால் இந்த நாட்டில் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். "அப்படியென்றால் பொறுப்பு உன்னுடையது" என்று சொல்லித் தாளைத் திருப்பித் தந்தார்.

ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு ஆட்டம். சொன்னபடியே சனம் வந்தது. பட்டுச்சேலை, கோட்டு, தோளில் குழந்தை, கையில் கொத்துரொட்டிப் பெட்டி. இரண்டு அணியும் சூடேற்றி வியர்த்து நின்றன. விழா பத்து நிமிடத்தில் முடியும் என்று தலைவர் எழுத்தில் தந்திருந்தார். முதலில் பிரதம விருந்தினர் வரவில்லை. அவர் இல்லாமல் விளக்கேற்ற முடியாது. விளக்கு என்றாலும் உண்மையான விளக்கில்லை. அரங்கத்தில் நெருப்புக்குத் தடை, அதனால் பற்றரியில் எரியும் குத்துவிளக்கு. பதினொரு பிரமுகர்கள் வரிசையாக வந்து, செருப்பைக் கழற்றி, ஒவ்வொருவராக அதன் சுவிச்சைத் தட்டினார்கள். பிறகு இரண்டு கீதம், மறைந்தவர்களுக்கு அகவணக்கம், வரவேற்புரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு ஒரு நன்றியுரை. தலைவர் தன் உரையில், "தமிழன் எங்கும் முதல்வன்" என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் சனம் கைதட்டியது.

எதிரணிக்காரர் புத்திசாலிகள். இரண்டாவது உரையிலேயே உள்ளே போய் நடைவழியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஐவரும் பொன்னாடைக்காக நடுக்களத்தில் வரிசையாக நிற்கவேண்டியிருந்தது. வெளியே கடுங்குளிர். கதவு திறந்து திறந்து மூட, காற்று களம்வரை வந்தது. பெடியன் கையில்லாத சட்டையோடு நின்றான். இரண்டு தடவை இடதுகாலை மடக்கிப் பின்னால் இழுத்துப் பார்த்தான். அவனுடைய தகப்பன் மேடையில் கோட்டுப்போட்டுக்கொண்டு அழுகிற முகத்தோடு சிரித்தார். போர்த்துவதற்கு ஆளுக்கு ஆள் போட்டி. ஒருவர் போர்த்தியதைப் படமெடுக்கவில்லை என்று கழற்றித் திரும்பவும் போர்த்தினார்கள். மொத்தம் முக்கால் மணி நேரம் போயிற்று.

மூத்தவர் எங்கள் வாங்குக்குப் பின்னால் உடற்பயிற்சிச் சைக்கிளில் இருந்து மிதித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னைக் கையால் கூப்பிட்டார். "அவன் குளிர்ந்துவிட்டான். நான் இறங்குகிறேன். யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை" என்றார்.

நான் முன்வரிசையைப் பார்த்தேன். தலைவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "இரண்டு நிமிடம்தான்" என்று மூத்தவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பெடியன் எதிரணியின் பந்தைத் தட்டிப் பறித்து ஓடினான். அரங்கமே எழும்பி நின்றது. நடுக்கோட்டைத் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து அடித்த மாதிரித் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் இல்லை. தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். சறுக்கிவிட்டான் என்று நினைத்துச் சனம் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது. மூத்தவர்தான் முதலில் ஓடினார். ஓடாத மனிதர் அன்றைக்கு ஓடினார்.

பாதி ஆட்ட இடைவேளையில் நானும் மூத்தவரும் பிசியோவின் அறைக்குப் போனபோது அவனைக் குப்புறக் கிடத்தியிருந்தார்கள். தசை எலும்பிலிருந்து கழன்றிருக்கலாம் என்று பிசியோ தாழ்ந்த குரலில் சொன்னார். கதவை யாரோ தட்டினார்கள். தலைவர்.

"தம்பி, பெடியன் எப்பிடி?"

"மோசம் அண்ணை."

"ச்சீ, பாவம். கண்ணூறு பட்டிட்டுது." ஒரு கணம் நிறுத்தினார். "ரெண்டு நிமிசம் வெளிய கூட்டிக்கொண்டு வரேலாதோ? பிரதம விருந்தினர் வெளிக்கிடப்போறார். ஒரு குறூப் போட்டோ எடுக்கேல்லை. கதிரையில இருந்தால் போதும்."

அந்த ஆளின் கழுத்தைப் பிடித்து நெரித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் நான் செய்தது, திரும்பி உள்ளே பார்த்து, அவனிடம் கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்ததுதான். அதற்குள் மூத்தவர் எழும்பி வந்து, தலைவரின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். அந்த வேலையைக்கூட நான் செய்யவில்லை.

தசை கழன்றுதான் இருந்தது. சத்திரசிகிச்சை நடந்தது. மாதக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அதை வீட்டுக்குப் போய் நேரில் சொல்லும் வேலையை மேலாளர் என்னிடமே தந்தார், நான் அவர்களுடைய ஆளாம்.

ஸ்ரௌவ்வில்லில் புது வீடு. முற்றத்தில் நட்ட மரத்துக்கு இன்னும் கம்பு கட்டியிருந்தது. தாய் தேத்தண்ணியும் வடையும் வைத்தார். நான் சொன்னதைத் தகப்பன் கடைசிவரை கேட்டார். பிறகு என் கையைப் பிடித்தார். "ஆனாலும் தம்பி, அவ்வளவு சனத்துக்கு முன்னால எங்கட பிள்ளையை முதல் ஆளா இறக்கிவிட்டனீர். அந்த நன்றியை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்." வேலியே பயிரை மேய்ந்த கதை தெரியாமல் வேலிக்கு நன்றி சொல்கிறார். என் வாயில் பாதி வடை இருந்தது. அதையும் விழுங்கினேன்.

வாசல்வரைக்கும் பெடியன் ஊன்றுகோலோடு வந்தான். தாய் தகப்பனுக்குக் கேட்காத இடம் வந்ததும் நின்றான்.

"அண்ணா, ஐ ஜஸ்ற் வோன்ற் ரு நோ. அண்டைக்கு என்னை ஸ்ரார்ட் பண்ணச் சொன்னது ஆர்?"

கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையாகவே அவனுக்குத் தெரியவேண்டியிருந்தது. இரவும் பகலும் படுக்கையில் கிடந்து அதைத்தான் யோசித்திருக்கிறான் என்று முகத்தில் தெரிந்தது. உண்மையைச் சொல்வதற்கு எனக்கு ஒரேயொரு சொல் போதும்.

"கோச்சின்ர முடிவு" என்றேன். "நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான்."

அவன் மூச்சை விட்டான். தோள்கள் இரண்டும் கீழே இறங்கின. "ஐ நியூ இற். நீங்கள் அப்பிடிச் செய்யமாட்டீங்கள் எண்டு எனக்குத் தெரியும்."

பிறகு, "தாங்ஸ் ஃபோர் ட்ரையிங், அண்ணா" என்று சொல்லி, ஒற்றைக் காலில் சமாளித்து நின்றபடி, எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தான்.