மெட்ரிக்கா, ஆறாம் படிவமா

பள்ளி முடிக்கும் ஐந்தாம் படிவப் பிள்ளைகளின் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்துவிட்டால் மலேசியாவின் கிள்ளானில் மாதவிக்கு நிம்மதியாகச் சோறு இறங்காது. இறங்க விடமாட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டரில் அவளுக்குக் கணக்கும் பதிவும் எழுதுகிற கிராணி வேலைதான், ஆனாலும் ஊருக்கு அவள் டீச்சர். ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டுப் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். பெற்றோர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருவார்கள். மெட்ரிக் நல்லதா, ஆறாம் படிவம் நல்லதா, இல்லை காசைக் கொட்டி ஏ-லெவலா? எல்லாமே பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழிதான். எந்த வழி தன் பிள்ளைக்கு ஒத்துவரும் என்பதுதான் எல்லாருக்கும் தலைவலி.

மாதவி பிட்டுப் பிட்டு வைப்பாள். மெட்ரிக் ஒரு வருஷ ஓட்டம். அரசாங்க மெட்ரிக் கல்லூரி ஹாஸ்டலில் தங்கி, மூச்சு விடாமல் ஓட வேண்டும். ஆறாம் படிவம் பள்ளிக்கூடத்திலேயே ஒன்றரை வருஷம். பாடம் கனம்தான், ஆனால் வீட்டுச் சோறு தின்றுகொண்டு நிதானமாகப் படிக்கலாம். ஏ-லெவல் படித்தால் வெளிநாட்டுக்கும் போகலாம், அப்பன் கை தாங்க வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, "அதெல்லாம் அப்புறம்லா அண்ணே. மொதல்ல பிள்ளைய பாருங்க. ஓடுற பிள்ளையா, நடக்கிற பிள்ளையா?" என்று கேட்பாள். ஓடுகிற பிள்ளைக்கு மெட்ரிக், நடக்கிற பிள்ளைக்கு ஆறாம் படிவம். அவள் பேச்சைக் கேட்டுத் தேறியவர்கள் அந்த வட்டாரத்தில் நிறையப் பேர்.

ஊருக்குத்தானே உபதேசம். தன் வீட்டில் அவள் செய்ததை நினைத்தால் வயிறெரிகிறது.

அவளுக்கு ஒரே மகள், அனுப்பிரியா. நூற்றுக்கு நூறு நடக்கிற பிள்ளை. எந்தப் பாடமும் மூன்று தடவை படித்தால்தான் மண்டையில் ஏறும். ஏறிவிட்டால் அப்புறம் எந்தக் கொம்பனாலும் இறக்க முடியாது. அப்படிப் பொறுமையாகப் படித்தே எஸ்.பி.எம்.மில் நல்ல புள்ளிகள் வாங்கினாள். ஃபார்மசி படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. "நான் ஃபோம் சிக்ஸ் போறேன்மா. மெட்ரிக் ரொம்ப ஃபாஸ்ட், எனக்குச் சரிப்படாது" என்று ஆறாம் படிவத்தையே வாய்விட்டுக் கேட்டும் இருந்தாள். மாதவி, "சும்மா மனு போட்டு வைப்போம், கெடைக்கிறப்ப பாத்துக்கலாம்" என்றாள்.

கிடைத்தது. வடக்கே ஒரு மெட்ரிக் கல்லூரியில் இடம்.

அந்த வாரம்தான் இராஜம்மா என்றொரு தாய், மகனுக்கு அத்தனை ஏ இருந்தும் மெட்ரிக் கிடைக்கவில்லை என்று மண்டபத்தில் மாதவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள். நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மெட்ரிக்கில் ஒதுக்குகிற இடமே யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதையும் வேண்டாம் என்று சொன்னால் ஊர் காறித் துப்பாதா? வீடு தேடி வந்த லட்சுமியை எட்டி உதைப்பதா? டியூஷன் சென்டர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இப்படியெல்லாம் யோசித்த மாதவி, மகளின் ஐசி அடையாள அட்டை நம்பரைத் தட்டி, ஏற்றுக்கொள்கிறோம் என்று அழுத்திவிட்டாள். அழுத்திய கையோடு கோயில் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாள். வாழ்த்துகள் கொட்டின. அனுவுக்கு விஷயம் தெரிந்ததே அந்த வாழ்த்துகளைப் பார்த்துத்தான்.

மாதவி வேலை முடிந்து வந்ததும் அனு கேட்டாள். "என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லமா."

"கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ."

"அதுக்குத்தானேமா கேக்குறது."

மாதவியின் புருஷன் சிவநேசன் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர். அவரே, "பிள்ள வேணாங்குதுல்ல, விட்டுடேன். இப்பவும் ஃபோம் சிக்ஸுக்கு எழுதலாம்ல" என்றார்.

"ஊரே வாழ்த்து சொல்லிருச்சுங்க. இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேணாம்னு சொல்றது?"

பாவி. மூஞ்சிதான் பெரிதாகப் போயிற்று.

அனு போனாள். அவள் ஒரு பாடத்தை இரண்டாம் தடவை புரட்டுவதற்குள் வகுப்பு மூன்று பாடம் தாண்டியிருக்கும். போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்மா" என்பாள். முதல் தவணைத் தேர்வு முடிவு சரிந்தபோது, போகப் போகப் பழகிவிடும் என்று மாதவி தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். இரண்டாம் தவணையும் சரிந்தது. விடுமுறைக்கு வந்த மகளின் தோள் எலும்பைப் பார்த்தபோதுதான் மாதவிக்குப் பகீரென்றது.

ஃபார்மசி கிடைக்கவில்லை. கேட்காத ஏதோ ஒரு படிப்பு கிடைத்தது, அனு அதற்குப் போக மறுத்துவிட்டாள். தனியாரில் படிக்க வைக்க லோரிச் சம்பளத்துக்குக் கட்டாது. இப்போது கிள்ளானில் ஒரு மருந்துக் கடையில் அவளுக்குக் கல்லாவில் வேலை. மருந்துச் சீட்டை வாங்கி, உள்ளே இருக்கிற மருந்தாளரிடம் நீட்டுவாள்.

அவள் ஒருநாளாவது கத்தியிருந்தால் மாதவி பிழைத்திருப்பாள். 'என் வாழ்க்கையைக் கெடுத்துட்டியே' என்று தட்டைத் தூக்கி எறிந்திருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பாள். அனு கத்தவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், போட்டதைத் தின்றாள், சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் புடவையைக் கட்ட மாதவிக்கு மனம் வரவில்லை.

இந்த வருஷமும் எஸ்.பி.எம். முடிவு வந்தது. மண்டபத்துக்குப் போக மாட்டேன் என்றுதான் மாதவி இருந்தாள். கோயிலில் விடவில்லை. அன்றைக்கு அனுவுக்கு ஓய்வு நாள், நாற்காலி போட அவளும் கூட வந்திருந்தாள். முதல் ஆளாகத் தங்கமணி என்றொரு பெண் மகளோடு வந்து உட்கார்ந்தாள். சுங்கை வேயிலிருந்து புதிதாகக் கிள்ளானுக்குக் குடிவந்தவள், இவர்கள் கதை அவளுக்குத் தெரியாது.

"மெட்ரிக் கெடைச்சிருக்கு. இவ ஃபோம் சிக்ஸ்தான் வேணும்னு அடம் பிடிக்கிறா. என்னா செய்யட்டும் டீச்சர்?"

மாதவி தண்ணீர் போத்தலைத் திறந்தாள், மூடினாள். தங்கமணி காத்திருந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற அனுவைக் கேட்டாள்.

"டீச்சர் மகதானே நீ? நீ எதம்மா எடுத்த?"

அனு அம்மாவைப் பார்க்கவில்லை. குரலில் கோபமும் இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நான் எதையும் எடுக்கல ஆன்டி. அம்மாதான் எடுத்தாங்க. நான் போய்ட்டு வந்தேன்."