வாய்க்கால் கரைத் தொட்டி

குழந்தை பிறந்த முதல் வருடத்தைப் பாதித் தூக்கத்தில்தான் கழித்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால் அந்த நாட்கள் தண்ணீருக்கு அடியில் கிடப்பவை போல அசைகின்றன. மின்விசிறி சுற்றுகிறது. மடியில் குழந்தை பால் குடிக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் ஓடுகிறது, அல்லது ஓடாமல் காய்ந்து கிடக்கிறது. எது காலை, எது மாலை என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவள் மூச்சுவிடும் சத்தம் மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு மூச்சும் முடியும் இடத்தில், தூரத்தில் யாரோ விசில் அடிப்பதைப் போல ஒரு சின்ன இழுப்பு.

தஞ்சாவூரில் புது ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒன்றின் கரையில் முடிகிறது எங்கள் தெரு. கடைசி வீடு எங்களுடையது. வீட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு துண்டுப் புறம்போக்கு. தெருக்குப்பை மொத்தமும் அங்கேதான் வந்து விழும். கோடையில் யாராவது அதற்குத் தீ வைத்துவிடுவார்கள். யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. புகை மெல்ல எழுந்து, வேறு போக்கிடம் இல்லாததைப் போல எங்கள் ஜன்னலுக்குள் வரும். அடைத்தாலும் வரும். ஆனியில் தண்ணீர் வந்ததும் எரியாமல் மிஞ்சியதை வாய்க்கால் இழுத்துக்கொண்டு போய்விடும். "தண்ணி வந்தா எல்லாம் போயிடும்" என்று தெருவில் சொல்வார்கள். அதில் ஒரு நிம்மதிகூட இருக்கும்.

எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடைக் கிராமத்துப் பெண். எங்களுக்குத் தண்ணீர் வருவதற்கு முன்னால் பால் கவரும் ஷாம்பு பாக்கெட்டும் வந்துவிடும். மதகில் அடைத்துக் கிடப்பதை அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்று அள்ளிக் கரையில் வீசிவிட்டுத்தான் வயலுக்குப் பாய்ச்சுவார். ஆனால் இந்தத் தெரு வாய்க்கால் எங்கள் ஊருக்குப் போகவில்லை, அது வேறு கிளை. ஆகவே தெருவில் அதைச் சொல்லலாமா என்று யோசித்து யோசித்துக் கடைசிவரை சொல்லவில்லை.

குழந்தையின் இழுப்புக்காக நெபுலைசர் வைத்த டாக்டர், வீட்டுப் பக்கத்தில் எங்காவது புகை வருகிறதா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று சொன்னபோது நானே அடுப்பு மூட்டிவிட்டு வந்ததைப் போல இருந்தது.

மாநகராட்சியிலிருந்து வந்தவர்கள், அந்தப் புறம்போக்கில் தொட்டி கட்டித் தருவதாகச் சொன்னது அதற்குப் பிறகுதான். காய்கறித் தோல், பழத்தோல், மீந்த இலை என்று மக்குகிற குப்பையைத் தெருக்காரர்களே அதில் போட்டு உரமாக்க வேண்டும். மற்றதைப் பேட்டரி வண்டி வந்து எடுத்துக்கொள்ளும். தெரு சம்மதித்து, தெருவே பார்த்துக்கொண்டால்தான் தொட்டி. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றேன். அதிகம் பேசத் தெரியாதவள் நான். எல்லோரும் சரி என்றார்கள். நான் சொன்னது புரிந்து சொன்னார்களா, குழந்தையின் இழுப்பைக் கேட்டுச் சொன்னார்களா, என்னைச் சீக்கிரம் அனுப்பிவைக்கச் சொன்னார்களா என்று இன்றுவரை தெரியாது.

முதலில் சரி என்றவர் எதிர்வீட்டு அத்தை. எனக்கு மட்டுமல்ல, தெருவுக்கே அவர் அத்தை. அடுத்து, பக்கத்து வீட்டு டீச்சர். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம், தொடக்கப் பள்ளியில் வேலை. வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்ததும், வீட்டுக்கு ஒரு நாள் என்று முறைவைத்துக் காய்ந்த சருகு போட வைத்ததும் அவர்தான்.

ஆடியில் தொட்டி வந்தது. இரண்டு செங்கல் தொட்டிகள், மேலே தகரக் கூரை. வீட்டுக்கு வீடு பச்சை வாளி. தெருவில் எல்லோரும் அதைக் கொல்லைப்புறக் கதவோரம், சமையலறைக்கு வெளியே வைத்தார்கள். குப்பை மேடு மறைந்தது. தீ வைக்க அங்கே ஒன்றும் இல்லை. குழந்தையின் மூச்சில் இருந்த விசில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒருநாள் மதியம் கேட்கவே இல்லை. பயந்து அவள் மார்பில் காதை வைத்துப் பார்த்தேன். வாய்க்கால் சத்தம்தான் கேட்டது.

பிறகு நாற்றம் ஆரம்பித்தது.

சாதாரணக் குப்பை நாற்றம் இல்லை. ஒரு புளிப்பு. மூடிய பாத்திரத்தில் எதுவோ பல நாள் ஊறியதைப் போல. புரட்டாசி வெயிலில் அது கனத்துப்போய்த் தெருவுக்குள் இறங்கி நிற்கும். தொட்டிக்கு நேர் எதிரே அத்தை வீட்டுச் சமையலறை ஜன்னல். அவர் ஒருநாள் என்னைக் கேட் அருகே நிறுத்தினார்.

"ஒம்மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லம்மா. ஐப்பசி பொறந்ததும் வளைகாப்பு முடிச்சு எம்பொண்ணு பிரசவத்துக்கு வர்றா. மாசம் இத்தன ஆகியும் மசக்கை விடல, வெங்காயம் வதக்குனாலே கொமட்டுதுங்கிறா. இந்த நாத்தத்துல அவள எப்படி வெச்சுப் பார்ப்பேன்? அதுக்குள்ள சரியாவலன்னா தொட்டிய எடுத்துடச் சொல்லி நானே ஆபீஸ்ல போய் சொல்லிடுவேன்."

பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஒம்புள்ளைக்குப் பொகை. எம்புள்ளைக்கு நாத்தம். நான் என்ன செய்ய, நீயே சொல்லு."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் கஷ்டம். தொட்டி போனால் மறுநாளே அங்கே மேடு எழும். கோடை வந்தால் புகை வரும். அதைச் சொன்னால், என் பிள்ளைக்காக உன் பிள்ளை பொறுத்துக்கொள்ளட்டும் என்றுதான் அர்த்தம்.

போனில் படித்ததையெல்லாம் செய்து பார்த்தேன். சருகை அதிகமாக்கினோம். வேப்பம்புண்ணாக்கு தூவினோம். டீச்சர் கம்பால் கிளறிவிட்டார். அன்று மட்டும் குறையும், மறுநாள் மறுபடியும் புளிக்கும். குழுவில் யாரோ, அசைவ வீடுகளால்தான் இப்படி என்று பட்டும் படாமலும் எழுதினார்கள். டீச்சர் அதைப் படித்துவிட்டு வேலி ஓரம் வந்து நின்றார்.

"எங்க வீட்ல ஞாயித்துக்கெழம மட்டுந்தான் கறி. நாத்தம் வெள்ளிக்கெழமையும் விரதம் இருக்க மாட்டேங்குதே" என்றார்.

இருவரும் சிரித்தோம். ஆனால் அன்றிலிருந்து அவர் எலும்பை எல்லாம் தனியாகக் கட்டி வண்டியில் போட ஆரம்பித்தார். நாற்றம் அப்படியே இருந்தது. மயிலாடுதுறையில் வேலை பார்க்கும் கணவர் விடியலில் ரயிலுக்குக் கிளம்பும்போது, தெரு முழுவதையும் நான் ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே அது நாள் முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் போன பிறகு வரும் அந்த நேரம் எனக்குப் பிடிக்கும். வெளிச்சம் முழுதாக வந்திருக்காது. குழந்தை பாதிக் கண் திறந்து பால் குடிப்பாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, வாய்க்கால் மேல் கிடக்கும் பனியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எப்போது தூங்கினேன், எப்போது விழித்தேன் என்று எனக்கே தெரியாது. அப்படி ஒரு காலையில், தெருப் பெண்கள் ஒவ்வொருவராகப் பச்சை வாளியோடு தொட்டிக்கு வந்தார்கள். நைட்டியின் மேல் துண்டு, ஈரத் தலை, பேச்சில்லாத நடை. ஒருவர் வாளியைச் சாய்த்தார். தோலும் இலையும் விழுந்த பிறகு, அதன் பின்னாலேயே வெள்ளையாக ஒரு தாரை இறங்கியது. மெதுவாக, கெட்டியாக, அரைவெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு. அடுத்து வந்தவர் சாய்த்தார். அதே வெள்ளை. அதற்கடுத்தவரும். யாரோ தொட்டிக்குப் பாலாபிஷேகம் செய்கிறார்கள் என்று கனவில் நினைத்துக்கொண்டேன். அழகாகத்தான் இருந்தது. அது கஞ்சி என்று எனக்கு உடனே உறைக்கவில்லை.

பிறகு அடுப்படிக்குப் போனேன். உலை கொதித்து, சோறு வெந்ததும் வடித்தேன். எங்கள் பக்கத்தில் குக்கர் சாதத்தை யாரும் சாதம் என்றே ஒத்துக்கொள்வதில்லை. கஞ்சி வடிந்து முடிந்ததும் என் கை, என்னைக் கேட்காமலே, பாத்திரத்தைக் கொல்லைக் கதவுக்குக் கொண்டுபோய்ப் பச்சை வாளியில் கவிழ்க்கப் போனது. பாத்திரத்தோடு அப்படியே நின்றேன்.

ஊரில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவோரம், இதே இடத்தில், மாட்டுக்கான கழுநீர்ப் பானை இருந்தது. அரிசி கழுவிய தண்ணீர், வடிகஞ்சி, மீந்த பழைய சோற்றுத் தண்ணீர் எல்லாம் அதில்தான். இந்தத் தெருவில் பாதிப் பேர் என்னைப் போல அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள். மாடு போய்விட்டது, கதவோரம் கைக்கு ஒரு வாளி மட்டும் திரும்பக் கிடைத்திருக்கிறது. உரம் ஆக வேண்டியது கஞ்சியில் மூழ்கி, காற்றே இல்லாமல் புளித்துக்கொண்டிருந்தது.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு தேநீர் ஆறும் நேரம்கூட நிற்கவில்லை. இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? தெருவிலேயே பெரிய உலை வைக்கும் வீடு அவருடையது. உங்கள் ஜன்னலுக்கு வரும் நாற்றம் உங்கள் கஞ்சியால் என்று, என்னைவிட இருபது வருடமாவது மூத்தவரிடம் போய் நிற்பதா? குழுவில் பொதுவாக எழுதிவிடலாம் என்று எழுதினேன், அழித்தேன். என் கஞ்சியும்தான் என்று சேர்த்து எழுதினேன். அதையும் அழித்தேன். கடைசியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

அத்தை முறுக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் சுற்றி வளைத்துச் சொன்னேன். சலித்தபடியே கேட்டவர், சல்லடையைக் கீழே வைத்தார்.

"அப்ப கஞ்சிய சாக்கடையில ஊத்தச் சொல்றியா?"

"தண்ணியா எதுவும் தொட்டிக்குப் போகாம இருந்தா நல்லதுங்க அத்தை."

"சோத்துத் தண்ணிய சாக்கடையில ஊத்துறதா? எங்கம்மா இருந்தா வெளக்குமாத்த எடுத்துருப்பா. மண்ணுக்காவது போவட்டும்னுதான் அதுல ஊத்துனேன்."

நான் அதை வெறும் கைப்பழக்கம் என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது மரியாதை. சோறு கொடுத்த தண்ணீர் கீழ்மையான இடத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே, தெருவே தொட்டியைத் தேர்ந்தெடுத்து ஊற்றியிருக்கிறது. சிங்க்கில் ஊற்றுங்கள் என்று நான் குழுவில் எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கே கை வந்திருக்காது.

"மாடு இருந்தா ஒரு பேச்சே இல்ல" என்றேன், சும்மா.

அத்தை என்னை ஏதோ சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"மாடு இல்லாத ஊரா இது? ஆத்துப் பாலத்துக்குக் கீழ பால் ஊத்துற பொண்ணு வெச்சிருக்காளே. அதுங்க போஸ்டரைத் தின்னுட்டுத் திரியுது."

அவரே போய்ப் பேசினார். மறுநாளிலிருந்து தொட்டிக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு டிரம் நின்றது. கஞ்சியும் கழுநீரும் அதற்கு. பால்காரப் பெண் காலையில் வண்டியில் வைத்துக் கொண்டுபோவார். பதிலுக்கு மாடுகள் மிச்சம் வைத்த வைக்கோலைக் கொண்டுவந்து கொட்டினார். குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்த நேரம், அவரிடம் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. டீச்சரும் நானும் தொட்டியைக் கிளறி, ஈரத்தை எல்லாம் வைக்கோல் குடிக்கும்படி அடுக்கினோம். குழந்தை வைக்கோல் மேல் உட்கார்ந்து தும்மினாள். வைக்கோல் தூசு அவளுக்கு ஆகுமா என்று எனக்கு உடனே ஒரு பயம் வந்தது. உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். பிறகு டீச்சரைத் தனியாக விட்டுவிட்டோமே என்று வெளியே வந்தேன்.

நாற்றம் உடனே போகவில்லை. குறைந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். என் மூக்கு எனக்குச் சாதகமாகச் சொல்கிறதோ என்ற சந்தேகமும் கூடவே வரும். டீச்சரைக் கேட்டால், அவருக்குச் சளி. அத்தையோ, "அவ வரட்டும். மசக்கைக்காரி மூக்குதான் தீர்ப்பு" என்று மட்டும் சொன்னார்.

அவள் வந்த அன்று காலை மழை விட்டிருந்தது. கார் தெருமுனையில் திரும்பியபோது நான் குழந்தையோடு கேட்டில் நின்றேன். உள்ளே போய்விடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன். வயிற்றைத் தாங்கியபடி அத்தையின் மகள் இறங்கினாள். கை நிறைய கண்ணாடி வளையல். ஆரத்தித் தட்டோடு அத்தை வாசலில் நின்றார். மகள் ஓர் அடி எடுத்து வைத்தாள், நின்றாள், முந்தானையால் மூக்கை அழுத்திக்கொண்டாள். எனக்கு வாய்க்கால் சத்தமே நின்றுபோனது.

"என்னம்மா இது, வீடு பூரா ஆஸ்பத்திரி மாதிரி?"

முந்தின நாள் முழுக்க அத்தை வாசல், திண்ணை, ஜன்னல் எல்லாவற்றையும் ஃபினாயில் போட்டுக் கழுவியிருந்தார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அலசிவிட்ட பிறகுதான் மகள் உள்ளே போனாள். அதுவரை அவளுக்கு நிற்க நிழல் தந்தது தொட்டியின் தகரக் கூரை. அதன் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆறிப்போன காபியைக் குடித்துக்கொண்டு, யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். அத்தை வாசலில் துடைப்பத்தை ஊன்றி நின்று அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் கூட்ட ஆரம்பித்தார்.

ஆபீஸுக்கு அவர் போகவில்லை. தொட்டி இருக்கட்டும் என்றும் யாரும் அறிவிக்கவில்லை. சில நாள் கழித்து, அரைவெளிச்சத்தில், அத்தையின் மகள் பச்சை வாளியோடு மெல்ல நடந்து தொட்டிக்கு வருவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். பனிக்குள் அவள் மிதந்து வருவதைப் போல இருந்தது. வாளியைத் தூக்கினாள். எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னல் சட்டென்று திறந்தது.

"ஏய், அதுல என்னடி தண்ணி? டிரம்ல ஊத்து, டிரம்ல."

மடியில் குழந்தை திடுக்கிட்டுக் கண் திறந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். குரல் வந்த பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடியும் குடிக்கத் தொடங்கினாள்.